வணிகவியல் தேர்வில் நாம் அளப்பது மாணவரின் சிந்தனையையா, அவர் வளர்ந்த சூழலையா?

பதிவு 1 | இழையைத் தொடங்கியவர் (வணிகவியல் உதவிப் பேராசிரியை, வடசென்னை)

அனைவருக்கும் வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக வணிகவியல் கற்பித்து வருகிறேன். சென்ற பருவத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி மனத்தை விட்டு அகலவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

செலவுக் கணக்கியல் இன்டர்னல் தேர்வில், மூழ்கிய செலவு (ஏற்கெனவே செலவாகி, இனித் திரும்பப் பெற முடியாத பணம்) என்பதை வரையறுத்து, நிர்வாக முடிவுகளில் அதன் இடத்தைத் திறனாய்வு செய்யுமாறு ஆங்கிலத்தில் 10 மதிப்பெண் கேள்வி ஒன்றைக் கேட்டிருந்தேன். ஒரு மாணவி அந்தப் பக்கத்தை அப்படியே வெறுமையாக விட்டிருந்தார். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது காரணம் கேட்டதற்கு, கேள்வியே புரியவில்லை மேடம் என்றார். அவருடைய தாயார் கோயம்பேட்டில் உதிரிப் பூ வாங்கிவந்து வியாசர்பாடியில் கட்டி விற்பவர் என்பது எனக்குத் தெரியும். ஆகவே கேள்வியைப் பூவுக்கு மாற்றினேன். கிலோ 400 ரூபாய்க்கு வாங்கிய மல்லியில் ஒரு கிலோ காலை 11 மணிக்கும் மீந்திருக்கிறது, ஒருவர் வந்து 150 ரூபாய்க்குக் கேட்கிறார், கொடுக்கலாமா என்றேன்.

“கொடுத்துவிட வேண்டும் மேடம். வாங்கின காசு போனது போனதுதான். சாயங்காலம் அது குப்பை” என்றார். அதோடு நிற்கவில்லை. “ஆனால் தினமும் 11 மணிக்கு அப்படிக் கொடுத்தால் காலையில் வாங்குகிறவர்களும் 11 மணிக்கே வர ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அம்மா கடைசிப் பூவைத் தெருவில் குறைத்து விற்கமாட்டார், கட்டி எடுத்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் விற்றுவிடுவார்” என்றார்.

முதல் வாக்கியம் பாடநூலில் இருக்கிறது. இரண்டாவது, விலைக்குறைப்பு வாடிக்கையாளரின் எதிர்பார்ப்பை எப்படி மாற்றும் என்ற ஆய்வு. என் விடைக்குறிப்பில் அது இல்லவே இல்லை. மூன்றாவது, சந்தையைப் பிரித்து விலையைக் காப்பாற்றும் உத்தி. அதை நான் முதுநிலையில்தான் கற்பிக்கிறேன். இவ்வளவையும் அரை நிமிடத்தில் சொன்ன மாணவிக்கு நான் போட்டிருந்த மதிப்பெண் பூச்சியம்.

என் வகுப்பில் 64 பேர் இருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு, இருப்பாய்வு, பேரேடு, தேய்மானம் என்ற சொற்களோடு வந்தவர்கள் பாதிக்கு மேல். சவுக்கார்பேட்டையில் மூன்று தலைமுறையாக மொத்த வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளைகள் சிலர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர். இவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாளைக் கொடுப்பது சமத்துவம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அந்தத் தாள் ஆங்கிலத்தையும், வரையறையின் சொற்களையும், சிந்தனையையும் ஒரே முடிச்சாகக் கட்டி, முதல் இரண்டையும் கடந்தவரிடம் மட்டுமே மூன்றாவதைக் கேட்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. சிந்தனைக்குரிய தரத்தைச் சிறிதும் தளர்த்தாமல் அந்த முடிச்சை அவிழ்க்க உங்கள் கல்லூரிகளில் என்ன செய்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 | ஓய்வுபெற்ற பேராசிரியர், மயிலாப்பூர்

அம்மையீர், உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆயினும் உங்கள் முடிவுடன் நான் முழுமையாக உடன்பட இயலாது. அந்தப் பெண் நாளை ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தால், மேலாளர் பூவுக்கு மாற்றிக் கேட்கமாட்டார். ஒரு துறைக்கென்று உள்ள சொற்களைக் கற்றுக்கொள்வதும் கல்வியின் பகுதிதான். வாழ்க்கையில் பெற்ற அறிவைப் பொதுக் கருத்தாக உயர்த்தி, பூவுக்குப் பொருந்திய தருக்கம் பழைய இயந்திரத்துக்கும், பாதியில் நின்றுபோன கட்டடத்துக்கும் பொருந்தும் என்று காணத் தெரிந்தால்தான் அது பல்கலைக்கழகத்துச் சிந்தனை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் 1956இல் கல்வி நோக்கங்களை வகைப்படுத்தினார்கள். 2001இல் அது திருத்தப்பட்டு நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுப்பாய்தல், மதிப்பிடுதல், உருவாக்குதல் என ஆறு படிகளாயிற்று. இன்று கேள்விகளுக்குப் பக்கத்தில் கே1 முதல் கே6 வரை குறியிடும் பழக்கம் அதன் வழியாக வந்ததே. மேலாண்மையின் பணிகளைத் திறனாய்வு செய்க என்று எழுதி, பக்கத்தில் கே5 என்று போட்டுவிடுகிறார்கள். அதற்கான விடை கைடில் ஆறு துணைத்தலைப்புகளோடு அச்சாகியிருக்கிறது. மனப்பாடம் செய்தவன் முழு மதிப்பெண் வாங்குகிறான். இந்த நிலையில் மாணவர் பன்மையைப் பற்றிப் பேசுவதற்கு முன், நம் கேள்விகள் யாரையாவது சிந்திக்கச் சொல்கின்றனவா என்பதைப் பார்க்க வேண்டும்.

பதிவு 3 | இழையைத் தொடங்கியவர்

ஐயா, கே5 பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். என் கேள்வியும் அந்த வகைதான். ஆனால் இரண்டையும் தனித்தனிச் சிக்கல்களாக என்னால் பார்க்க முடியவில்லை. கைடில் உள்ளதைக் கேட்கும்போது, கைடின் ஆங்கிலத்தை மனனம் செய்யக்கூடிய மாணவர்தான் முன்னுக்கு வருகிறார். மற்றவர்கள் சிந்திக்கிறார்களா என்று பார்க்கும் வாய்ப்பே நமக்குக் கிடைப்பதில்லை. துறைச் சொற்களைக் கற்றே ஆக வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அவற்றுக்கென்று தனியாக மதிப்பெண் வைப்போம். சொல் தெரியாததற்கு இரண்டு மதிப்பெண் போகட்டும். பத்தும் ஏன் போக வேண்டும் என்பதே என் கேள்வி.

பதிவு 4 | மேலாண்மைத் துறை ஆசிரியர், தாம்பரம்

உள்ளூர்ச் சூழலில் கேள்வி அமைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். வெளிநாட்டுப் பாடநூல்களில் வரும் கோல்ஃப் மட்டையையும் விமான நிலைய ஓய்வறையையும் எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் பூக்கடையை வைத்தே ஒரு கேள்வி எழுதினேன். ஒரு முழம் பூ 40 ரூபாய், ஒரு பந்தில் இத்தனை அடி என்று தகவல்களைக் கொடுத்து, சமன் புள்ளியை, அதாவது லாபமும் நட்டமும் இல்லாத விற்பனை அளவைக் கண்டுபிடித்து, விலையைக் குறைப்பது பற்றிக் கருத்துக் கூறச் சொல்லியிருந்தேன்.

என் வகுப்பில் மணிப்பூரிலிருந்து வந்த ஒரு மாணவி இருந்தார். முழம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. தேர்வறையில் கேட்கத் தயங்கி, ஒரு முழம் என்பது ஒரு மீட்டர் என எடுத்துக்கொள்கிறேன் என்று விடைத்தாளின் முதல் வரியிலேயே எழுதி, அதன்மேல் முழுக் கணக்கையும் பிழையின்றிச் செய்திருந்தார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, சுமார் ஒன்றரை அடி என்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த அளவு. தாளைத் திருத்திய என் சக ஆசிரியர், இறுதி எண் தவறு என்று பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்.

அந்த முதல் வரியை எண்ணிப் பாருங்கள். தகவல் போதாத இடத்தில், தான் எதை அனுமானிக்கிறேன் என்று வெளிப்படையாக எழுதிவிட்டு மேலே செல்வது, வணிக முடிவெடுப்பில் நாம் கற்பிக்க விரும்பும் தலையாய பழக்கம். அதைச் செய்த ஒரே மாணவிக்குத்தான் தண்டனை கிடைத்தது. ஆங்கிலத்தை நம்பி நடந்த கேள்வியால் வியாசர்பாடிப் பெண்ணுக்கும், முழத்தை நம்பி நடந்த கேள்வியால் மணிப்பூர்ப் பெண்ணுக்கும் ஒரே அநீதிதான் நடக்கிறது.

ஆகவே உள்ளூர்க் கேள்வியா வெளியூர்க் கேள்வியா என்பதை விட, விடை காணத் தேவையான உலக அறிவு முழுவதும் கேள்விக்குள்ளேயே இருக்கிறதா என்பதைத்தான் நான் இப்போது பார்க்கிறேன். கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்பும் முன், நம் ஊரில் வளராத ஒருவரிடமும் நம் துறையைச் சேராத ஒருவரிடமும் படிக்கக் கொடுத்து, புரியாத சொற்களுக்குக் கோடிடச் சொல்கிறேன். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும்.

பதிவு 5 | கணக்காய்வு அலுவலகம் நடத்துபவர், பாரிமுனை

பேராசிரியர் ஐயா தணிக்கை அலுவலகத்தைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். எங்களிடம் வரும் பட்டதாரிகள் பெரும்பாலோர் தேய்மானத்தின் வரையறையைத் தூக்கத்திலும் சொல்வார்கள். ஆண்டுதோறும் ஒரே தொகையைத் தேய்மானமாகக் கழிக்கும் நேர்கோட்டு முறையிலிருந்து, தொடக்கத்தில் அதிகமாகவும் பிறகு குறைவாகவும் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறைக்கு ஒரு வாடிக்கையாளர் மாறினால் முதல் ஆண்டு லாபம் ஏறுமா இறங்குமா, அவர் ஏன் மாற விரும்புகிறார் என்று கேட்டால் மௌனம்தான். ஆங்கிலத்தை நாங்கள் ஆறு மாதத்தில் பழக்கிவிடுகிறோம். ‘இவர் ஏன் இதைச் செய்கிறார்’ என்று ஐயப்படும் மனத்தை எங்களால் பழக்க முடிவதில்லை. அது ஏற்கெனவே இருக்கிற பிள்ளையை மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

பதிவு 6 | வங்கி அலுவலர், முன்னாள் மாணவர், அண்ணா நகர்

நான் பார்வைத்திறன் இல்லாதவன். பி.காம். தேர்வுகள் அனைத்தையும் உதவி எழுத்தாளரைக் கொண்டே எழுதினேன். மணிக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரம் எதில் செலவாயிற்று என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

எழுத வந்த தம்பி அறிவியல் பிரிவில் படித்தவன். பேரேட்டுக் கணக்கின் வடிவத்தை அவன் பார்த்ததே இல்லை. ‘நடுவில் ஒரு கோடு போடு, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு, பற்றுப் பக்கம் மூன்றாவது வரியில் ரொக்கக் கணக்கு என்று எழுது, தொகையைக் கடைசிக் கட்டத்தில் எழுது’ என்று ஒவ்வொரு வரியையும் கட்டட மேஸ்திரி போலச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தேன். நான் மனத்தில் இரண்டு நிமிடத்தில் முடித்த கணக்கு தாளில் இறங்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அந்த ஆண்டு கணக்குத் தாளில் ஒரு 10 மதிப்பெண் கேள்வியைத் தொடவே முடியவில்லை.

கூடுதல் நேரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது சட்டப்படி எங்களுக்குள்ள உரிமை, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே போராடிப் பெற்றது. ஆனால் நேரத்தைக் கூட்டிவிட்டதோடு பல்கலைக்கழகங்கள் தங்கள் கடமை முடிந்ததாகக் கருதுகின்றன. இந்தக் கேள்வி கட்டம் போடும் திறமையைச் சோதிக்கிறதா, கட்டத்துக்குள் எந்த எண் ஏன் வருகிறது என்ற அறிவைச் சோதிக்கிறதா என்று எந்தக் கேள்வித்தாள் குழுவும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. இரண்டாவதுதான் நோக்கம் என்றால், முடிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம், அந்தப் பிழை லாபத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கலாம். அது பார்வையுள்ள மாணவர்களுக்கும் கடினமான கேள்வியே. எனக்கு எளிய தாள் தேவைப்படவில்லை. என்னையும் சிந்திக்கவைக்கும் தாள் தேவைப்பட்டது.

பதிவு 7 | மாலை நேரக் கல்லூரி மாணவர், பெரம்பூர்

பெரியவர்கள் பேசும் இடத்தில் நானும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். இரண்டாவது ஷிப்டில் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். காலையில் உணவு டெலிவரி வேலை செய்கிறேன். மழை நாளில் கூடுதல் தொகை ஏன் தருகிறார்கள், எத்தனை மணிக்கு எந்தப் பகுதியில் நின்றால் ஆர்டர் வரும், பெட்ரோலைக் கழித்தால் கையில் என்ன நிற்கும் என்று தினமும் கணக்குப் போடுகிறேன். தேவை, அளிப்பு, விலை ஆகிய மூன்றும் எனக்கு அன்றாட வேலை.

குழுச் செயல்திட்டத்தில் கடை கடையாக ஏறி விவரம் சேகரித்தவன் நான். ஆங்கிலம் சரளமாகப் பேசும் நண்பர் அதை மேடையில் வழங்கினார். கேள்வி கேட்டபோது என் தரவிலிருந்து என் முடிவைத்தான் அவர் சொன்னார், ஆனால் பாராட்டு அவருக்குப் போனது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, நன்றாகவே பேசினார். குழுவுக்கு ஒரே மதிப்பெண் என்றாலும், ஆசிரியர்கள் மனத்தில் யார் சிந்திப்பவர் என்று ஒரு பதிவு விழுகிறது அல்லவா, அதில் நான் இல்லை. ஒவ்வொருவரையும் தனியாக இரண்டு கேள்வி கேட்டிருந்தால் போதும் மேடம்.

பதிவு 8 | தேர்வுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிந்தவர், தன்னாட்சிக் கல்லூரி

தம்பி சொன்னது நியாயமானது, ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும். 64 மாணவர்களுக்குத் தலைக்கு 8 நிமிடம் வாய்மொழித் தேர்வு வைத்தால் 512 நிமிடம், அதாவது எட்டரை மணி நேரம் ஆகிறது. ஓர் ஆசிரியருக்கு ஒரு பருவத்தில் நான்கு வகுப்புகள் இருக்கின்றன. மேலும் நேருக்கு நேர் பேசும்போது மாணவரின் உடையும் உச்சரிப்பும் நம்மை அறியாமலேயே மதிப்பெண்ணில் நுழைந்துவிடும். விடைத்தாளில் டம்மி எண் போட்டுப் பெயரை மறைப்பதே அந்தச் சாய்வைத் தவிர்க்கத்தான்.

விடைத்தாள்களை ஓரிடத்தில் சேர்த்துத் திருத்தும் மைய மதிப்பீட்டு முகாமில் அமர்ந்தவர்களுக்குத் தெரியும். காலையில் ஒரு கட்டு, பிற்பகலில் ஒரு கட்டு. விடைக்குறிப்பில் இல்லாத புதிய கருத்து ஒரு தாளில் வந்தால், அதை நின்று படித்து மதிப்பிட நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. பூ விற்பவரின் மகள் தன் இரண்டாவது வாக்கியத்தைத் தெளிவான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும், முகாமில் அதற்கு மதிப்பெண் விழுந்திருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.பி.ஏ. தாளில் 100க்கு 15 மதிப்பெண் ஒரு நேர்வு ஆய்வுக்கு, அதாவது ஒரு நிறுவனச் சூழலைக் கொடுத்து அலசச் சொல்லும் கேள்விக்கு ஒதுக்கப்படுகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1920களில் வளர்த்தெடுத்த நேர்வு முறையில் வகுப்பு விவாதம்தான் உயிர். அதையே முகாமில் திருத்தும்போது தலைப்புகளைத் தேடிச் சரிக்குறி போடும் வேலையாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே மாற்றத்தை விடைக்குறிப்பிலிருந்து தொடங்குங்கள் என்பேன். ‘மாணவர் ஒரு முடிவை எடுத்து, அதற்கு எதிரான ஒரு காரணத்தையும் எடைபோட்டிருந்தால் 3 மதிப்பெண்’ என்று எழுதிவிட்டால், எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும், எந்தச் சொற்களில் எழுதினாலும் மதிப்பீட்டாளர் கொடுத்தே ஆக வேண்டும். உட்தேர்வின் 25 மதிப்பெண் முழுவதும் உங்கள் கையில் இருக்கிறது. அதில் செய்து பாருங்கள்.

பதிவு 9 | இழையைத் தொடங்கியவர்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் இரண்டு முறை படித்தேன். வங்கி அலுவலரின் பதிவைப் படித்த அன்று இரவு, பழைய கேள்வித்தாள்களை எடுத்துவைத்து, எத்தனை கேள்விகளில் கட்டம் போடுவதற்கே மதிப்பெண் கொடுத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த உட்தேர்வுக்கு நான் எழுதியிருக்கும் கேள்வி இது. தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடுகிறேன். எந்த மொழியிலும் எழுதலாம்.

ஒரு வியாபாரி காலை 4 மணிக்கு 5 கிலோ மல்லிகைப் பூவைக் கிலோ 400 ரூபாய்க்கு வாங்குகிறார். அன்றைக்கு விற்காத பூ மறுநாள் விற்பனைக்கு ஆகாது. காலை 10 மணிக்குள் 4 கிலோவைக் கிலோ 600 ரூபாய் வீதம் விற்றுவிட்டார். 11 மணிக்கு ஒருவர் மீதமுள்ள 1 கிலோவை 150 ரூபாய்க்குக் கேட்கிறார். வேறு யாரும் வரவில்லை.

அ. விற்கலாமா? வாங்கிய விலையான 400 ரூபாய் இந்த முடிவில் இடம்பெற வேண்டுமா? காரணம் கூறுக. (3)

ஆ. இந்தக் கருத்துக்குப் பாடத்தில் வழங்கும் பெயர் என்ன? (1)

இ. தினமும் 11 மணிக்கு இப்படி விற்றால் நாளடைவில் என்ன நேரலாம்? அதன் பிறகும் ‘அ’வில் நீங்கள் சொன்ன விடை நிற்குமா? (4)

ஈ. இதே தருக்கம் பொருந்தும் வேறு ஒரு சூழலை, பூவோ உணவுப் பொருளோ அல்லாததாக, நீங்களே அமைத்துக் காட்டுக. (2)

‘ஈ’ பேராசிரியர் ஐயா சொன்ன இயந்திரத்துக்காகச் சேர்த்தது. துறைச் சொல்லுக்கு ‘ஆ’வில் ஒரு மதிப்பெண் மட்டும். முழத்தை எடுத்துவிட்டுக் கிலோ வைத்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வை 64 பேருக்கும் வைக்கவில்லை. இந்தத் தாளில் 4 மதிப்பெண்ணுக்குக் கீழே எடுப்பவர்களையும், குழுச் செயல்திட்டத்தில் மேடையேறாதவர்களையும் மட்டும், மூன்று வாரங்களில் பகுத்து அழைக்கிறேன்.

பதிவு 10 | ஓய்வுபெற்ற பேராசிரியர், மயிலாப்பூர்

இந்தக் கேள்வி நான் கேட்டதைவிடக் கடினமானது. கைடில் விடை தேடுபவர் ‘இ’யைத் தாண்டமாட்டார். தரம் குறையும் என்று நான் அஞ்சியது இங்கே நிகழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் எழுதியே பட்டம் முடித்துவிடலாம் என்ற எண்ணம் மாணவரிடம் வந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது. வேலை கேட்டு வெளிமாநிலம் போகும் பிள்ளைக்கு அது பெரிய இழப்பாகும். மூன்றாம் ஆண்டிலாவது ஒரு தாளை ஆங்கிலத்தில் எழுதச் செய்யுங்கள்.

பால் பாக்கெட்டையும் ஒருமுறை முயன்று பாருங்கள். 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலின் விலை லிட்டருக்கு 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆயிற்று. மாதாந்திர அட்டைதாரர்களுக்கு 46 ரூபாயே நீடித்தது, நீல பாக்கெட்டின் விலை மாறவில்லை. ஒரே பாலுக்கு இரண்டு விலை வைத்தது ஏன், நீலத்தைத் தொடாமல் விட்டது ஏன் என்று கேட்கலாம். விவரம் முழுவதையும் கேள்வியிலேயே கொடுத்துவிட்டால் விடுதியில் இருக்கும் வெளிமாநிலப் பிள்ளையும் எழுதுவார்.

பதிவு 11 | மேலாண்மைத் துறை ஆசிரியர், தாம்பரம்

மேடம், கேள்வியை எங்கள் விடுதியில் உள்ள இரண்டு வெளிமாநில மாணவர்களிடமும், இயற்பியல் துறை நண்பர் ஒருவரிடமும் படிக்கக் கொடுத்தேன். மாணவர்களுக்கு எதுவும் தடுக்கவில்லை. நண்பர் ஒரே இடத்தில் கோடிட்டார். ‘வேறு யாரும் வரவில்லை’ என்றால் இதுவரை வரவில்லை என்று பொருளா, இனியும் வரமாட்டார்கள் என்று பொருளா என்று கேட்கிறார். முதலாவது என்றால் வியாபாரி காத்திருக்கலாம், அப்போது ‘அ’வின் விடையே மாறுகிறது. அச்சுக்குப் போகும் முன் அந்த வரியைத் தெளிவாக்கிவிடுங்கள். அல்லது அப்படியே விட்டு, அனுமானத்தை எழுதிக் காட்டுபவருக்கு விடைக்குறிப்பில் ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

பதிவு 12 | இழையைத் தொடங்கியவர்

இரண்டாவதையே செய்கிறேன் ஐயா. ‘அ’வின் மூன்றில் ஒன்று அதற்கு. விடைக்குறிப்பை இன்றே திருத்திவிடுகிறேன். தேர்வு வரும் வியாழக்கிழமை.